பெட்டியில் போகும் சேலை

அவிநாசிபாளையம் நால்ரோட்டில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, தாராபுரம் பக்கம் திரும்ப முடியாமல் ஒரு கண்டெய்னர் லாரி பாதிச் சாலையை அடைத்து நின்றது. திருப்பூர் பனியன் சரக்கு. தூத்துக்குடி போய்க் கப்பலேறும். அதில் ஏறும் ஒவ்வொரு டி-ஷர்ட்டுக்கும் சாயச் சோதனை, ஊசி முனை ஒடிந்து தங்கியிருக்கிறதா என்ற சோதனை, கம்பெனி ஆடிட் என்று ஜாதகமே இருக்கும். நான் தேடி வந்த துணியும் பிரிட்டனுக்குத்தான் போகிறது. அதற்குத் துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. அக்காவின் பெட்டியில் போகிறது.

அக்கா என்றால் பெரியம்மா மகள், லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருப்பவள்; இப்போது ஊருக்கு வந்திருக்கிறாள். ஜனவரியில் அங்கே நடக்கும் பொங்கல் விழாவில் பதினான்கு பெண்கள் வள்ளிக்கும்மி ஆடப்போகிறார்கள். கும்மி ஆசிரியர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்த பிறகு, கடல் தாண்டிய கொங்குக்காரர்களுக்கும் காலில் சதங்கை முளைத்துவிட்டது. பதினான்கு பேருக்கும் ஒரே மயில்கழுத்து நிறம், ஒரே கரை, கோரா காட்டன். கைத்தறிதான் வேண்டும் என்று பிடிவாதம்.

நால்ரோட்டிலிருந்து உள்ளே போகும் தார்ச்சாலையில், விசைத்தறி குடோன்களின் தடதடப்பு அடங்கிய இடத்தில் அந்த வீடு இருந்தது. ஓட்டு வீட்டின் நடுவே குழித்தறி, மேலே ஜக்கார்டு பெட்டி. நெசவுக்கார அண்ணன் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்ய, அவர் மனைவி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். என்னிடம் கொங்குத் தமிழ். அவர்களுக்குள் தேவாங்கர் வீட்டுக் கன்னடம். எந்த இடத்தில் கன்னடத்துக்கு மாறுகிறார்கள் என்று கவனித்தேன். கூலிப் பேச்சு வரும்போதெல்லாம் மாறினார்கள். எவ்வளவு என்று கேட்டேன். அண்ணன் சொன்னார், எழுத வேண்டாம் என்றும் சொன்னார்.

பன்னிரண்டு சேலை மடித்து வைத்திருந்தது. பதின்மூன்றாவது தறியில். அதில்தான் சிக்கல்.

“பாருங்க தம்பி, ஊடை நூலு ரெண்டாவது லாட்டுல கொஞ்சம் மங்கி வந்துருச்சு.”

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. “உங்களுக்குத் தெரியாதுங்க. பதினாலு பேரு ஒண்ணா நின்னா எதிர்ல இருக்கறவனுக்குத் தெரியும்” என்றார் அண்ணன்.

அதற்கு அவர் செய்திருந்த வைத்தியம்: பழைய லாட்டில் கொஞ்சம் நூலை மிச்சம் பிடித்து, நூலை ஓட்டும் நாடா இரண்டில் இரண்டு லாட்டையும் போட்டு, மாற்றி மாற்றி நெய்கிறார். நிறம் கண்ணுக்கு ஒன்றாகக் கலந்துவிடும். ஆனால் ஒவ்வொரு தடவையும் கையை நீட்டி நாடாவை எடுத்து மாற்ற வேண்டும். இரண்டு நாளில் இறங்கும் சேலை நான்காம் நாளும் தறியில் கிடந்தது. இதற்குத் தனிக் கூலி உண்டா என்று நான் கேட்கவில்லை. அவர் மனைவி கன்னடத்தில் ஏதோ சொன்னார்.

கோவை கோரா காட்டனுக்குப் புவிசார் குறியீடு 2014இலேயே கிடைத்தது. எதெதைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும் என்று 1985இல் மத்திய அரசு தனிச் சட்டமே போட்டது. இரண்டையும் பற்றிச் சொன்னபோது அண்ணன் வாசல் பக்கம் கையைக் காட்டினார். தூரத்து விசைத்தறிச் சத்தம் மெல்லக் கேட்டது. 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்திய-பிரிட்டன் வணிக ஒப்பந்தத்தைப் பற்றித் திருப்பூர் டீக்கடைகளில் பேசாத வாய் இல்லை. பிரிட்டனில் நம் ஆயத்த ஆடைக்கான இறக்குமதி வரியை நீக்கும் ஒப்பந்தம் அது. பெட்டியில் மடித்துப் போகும் சேலைக்கு அதில் என்ன இருக்கிறது?

விழாவுக்குப் போகும் ஆண்கள் பாடு சுலபம். வேட்டியைக் கடையில் எடுத்துக்கொள்ளலாம். 2014இல் வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. அதைத் தடுக்கச் சட்டம் வர வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் விட்டுப்போன விதியை நாம் காப்பாற்றுகிறோம். அவன் ஊரில், வெஸ்ட் ஈலிங் துர்க்கையம்மன் தேரை ஆகஸ்டில் வேட்டியும் சேலையுமாக நடுச்சாலையில் இழுக்கிறார்கள். ஜனவரிக் குளிர்தான் வேறு கதை. சேலைக்குள்ளே முழுக்கை பனியன் போட்டுக்கொள்வோம் என்று அக்கா சொல்லியிருந்தாள். அது எந்த ஊர் பனியன் என்று கழுத்துப் பட்டையைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

சேலை எதற்கென்று அப்போதுதான் சொன்னேன். “கும்மிக்கா?” என்று அண்ணன் நிமிர்ந்தார். “மொதல்லயே சொல்லியிருந்தா ஊடையை இன்னும் இறுக்கித் தட்டியிருப்பனே. சதங்கைல மாட்டி இழுபடுமுங்க.” மிச்ச இரண்டையாவது அப்படி நெய்வதாகச் சொல்லிவிட்டு மிதியில் காலை வைத்தார்.

புறப்படும்போது எடை கேட்டேன். நூலை எடை போட்டு வாங்கி, சேலையை எடை போட்டுக் கொடுக்கிற வீடு; குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். தராசு கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. ஒன்று நானூற்றைம்பது கிராம். பதினான்குக்கு ஆறு கிலோ முந்நூறு.

ரோட்டுக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கணக்குப் போடும் மௌனம்.

“சரி, அரிசி முறுக்கையும் நாரத்தங்காய் ஊறுகாயையும் வெளியே எடுத்துடறேன்” என்றாள்.