நஷ்டம் யார் கணக்கில்?

ஷூட்டிங் வேடிக்கை பார்க்கப் போயிருந்தால் கேரவனைப் பார்த்திருப்பீர்கள். ஏ.சி., சோபா, ஆளுயரக் கண்ணாடி... பேச்செல்லாம் அதைப் பற்றித்தான் இருக்கும். அடுத்த முறை கொஞ்சம் கீழே பாருங்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில், வண்டியின் வயிற்றில் ஒரு சின்னக் கதவு இருக்கும். உள்ளே குடை, மடக்கு நாற்காலி, துணி மூட்டை என்று எல்லாவற்றையும் திணித்திருப்பார்கள். யாரும் மதிக்காத கதவு. மழை மட்டும் அதை மறப்பதே இல்லை!

நீலகிரிக்கு சினிமாவும் புதிதல்ல, மழையும் புதிதல்ல. 1982-ல் வந்த 'மூன்றாம் பிறை'யின் கிளைமாக்ஸ் எடுத்தது கேத்தி ரயில்வே ஸ்டேஷனில். மழையோ, ஜூனில் தென்மேற்குப் பருவம் கூடலூர் பக்கம் வெளுத்து வாங்கும். அது ஓய்ந்தால், அக்டோபரில் வடகிழக்கு வந்து குன்னூர், கோத்தகிரியைப் பிடித்துக்கொள்ளும்.

அப்படியொரு மழை நாளில், செய்தி சேகரிக்கக் குன்னூர் போயிருந்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து நனைந்துகொண்டே ஏறி வந்த கேரவனின் அந்தக் கதவைத் திறந்தால், உள்ளே தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஹீரோவின் வெள்ளைப் பட்டுச் சட்டையில், பக்கத்திலிருந்த சிவப்புத் துப்பட்டாவின் சாயம்.

"கதவை ஒழுங்கா சாத்தத் தெரியாதா? உன் பேட்டாவுலதான் பிடிப்பேன்!" என்று மேனேஜர் கத்தினார். காஸ்ட்யூம் உதவியாளருக்கு இருபது வயது இருந்தால் அதிகம். "நல்லாத்தான் சார் சாத்துனேன்" என்றார். அதற்கு மேல் குரல் வரவில்லை.

பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும். ஆரம்பப் பாடமே, எந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவது என்பதுதான். இங்கே நஷ்டம், எதிர்த்துப் பேச முடியாதவர் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

டிங்கரிங் பட்டறையிலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டி வந்தார்கள். அவர் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. "அந்தப் பேப்பர்ல ஒரு துண்டு கிழிச்சுக் குடுங்க சார்" என்று என்னிடம் கேட்டார். துண்டைச் சட்டத்தில் வைத்துக் கதவைச் சாத்தினார். இழுத்தார். இறுக்கமாக இருந்தது. இப்படியே சுற்றிலும் பார்த்துக்கொண்டு வந்தார். கீழ் மூலையில் மட்டும் பேப்பர் வெண்ணெயில் விட்ட கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

"தம்பி சாத்துனது சரிதானுங்க. கதவுதான் சேரலை" என்றார்.

அடுத்து, முன்சக்கரம் ஒன்றை மேட்டில் ஏற்றச் சொன்னார். இப்போது மேல் மூலையும் வாய் பிளந்தது! கொண்டை ஊசி வளைவில் ஒரு பக்கச் சக்கரம் மேலே போகும்போது வண்டியின் உடம்பே லேசாக முறுக்கிக்கொள்கிறது. சதுரமாக இருந்த கதவுச் சட்டம் கோணலாகிறது. சமதரையில் நிறுத்தி வைத்துப் பொருத்திய கதவு, மலையில் எப்படிச் சேரும்? முன்பு யாரோ சிலிகானை அப்பி வைத்திருந்தார்கள். அது காய்ந்து கல்லாகி, ரப்பர் பீடிங்கைப் படியவிடாமல் தடுத்தது.

எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தார். கீல் திருகுகளைத் தளர்த்தி, அடியில் மெல்லிய தகடு கொடுத்துக் கதவை நேராக்கினார். அமுக்கினால் அமுங்கி, விட்டால் எழுகிற மெத்தென்ற பீடிங்கை ஒட்டினார். அதன் ஒட்டு கீழ்ப்பக்கம் வரும்படி பார்த்துக்கொண்டார். பெட்டியின் அடியில் இரண்டு துளை. "தப்பித் தவறி வந்தாலும், போறதுக்கு வழி வேணுமில்லீங்களா?"

ரப்பர் எழாவிட்டால் என்ன ஆகும்? 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். ராக்கெட்டின் இணைப்பிலிருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்து, சரியாக அடைக்காமல் போனதுதான் காரணம். 'இந்தக் குளிரில் வேண்டாம்' என்று பொறியாளர்கள் முந்தின இரவே எச்சரித்தும் மேலிடம் கேட்கவில்லை. விசாரணையில் விஞ்ஞானி ஃபெயின்மேன் செய்தது ரொம்ப எளிமையான விஷயம். வளையத்தின் துண்டு ஒன்றை அமுக்கிப் பிடித்து, ஐஸ் தண்ணீர் டம்ளரில் போட்டுக் காட்டினார். வெளியே எடுத்துவிட்ட பிறகும் அது உடனே எழவில்லை. அவருக்கு ஒரு டம்ளர், நம் பெரியவருக்கு ஒரு பேப்பர் துண்டு!

அந்த உதவியாளரின் பேட்டா தப்பியது. மேனேஜர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "சரி சரி, போய் சட்டையை அலசு" என்றார். அவ்வளவுதான்.

உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் இந்தப் பேப்பர் சோதனையைச் செய்து பாருங்கள். துண்டு வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரைக் கவனிக்கும் நேரம் வந்துவிட்டது. அதுவரை, பால் திரிந்ததற்குக் கடைசியாகக் கதவைச் சாத்தியவரைத் திட்டாதீர்கள்!