கணினியின் பழுதும் உள்ளத்தின் சந்தேகமும்



ஒரு பொருள் பழுதானால் அதன் காரணத்தைத் தேடுவதற்கு முன்பாகவே அதற்குரிய குற்றவாளியைத் தேடுவது மனித இயல்பு. பொருளின் பழுது ஒரு நாளில் நீங்கிவிடலாம். அதை முன்னிட்டு ஒருவர்மீது நாம் கொண்ட தப்பெண்ணம் எளிதில் நீங்குவதில்லை. எங்கள் குடும்பத்தில் அண்மையில் நடந்த ஒரு நிகழ்வு இதை எனக்கு நன்கு உணர்த்தியது.

என் தங்கையின் குடும்பம் ஓசூருக்கும் சூளகிரிக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டி வசிக்கிறது. பாலிடெக்னிக்கில் பயிலும் அவளுடைய மகனுக்கு இயந்திர வரைபடங்கள் வரைய ஒரு கணினி தேவைப்பட்டது. மச்சானின் அண்ணன் மகன் பெங்களூருக்குச் சென்று உதிரிபாகங்களை வாங்கிவந்து, கூலி எதுவும் பெறாமல் பூட்டிக் கொடுத்தான். செலவைக் குறைப்பதற்காக, பரணில் கிடந்த பழைய கணினியின் கேபினெட்டையே மச்சான் எடுத்துக் கொடுத்திருந்தார்.

இரண்டே வாரங்களில் கணினி திடீர் திடீரென அணையத் தொடங்கியது. சில நாட்களில் ஆறு மணி நேரம் ஓடும். சில நாட்களில் பத்து நிமிடங்கூட நிற்காது. வீட்டுப் பெரியவர்கள் கண்ணேறு என்றார்கள். மச்சானோ, “பழைய பவர் சப்ளையைப் புதியது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, மீதிப் பணத்தை அவன் வைத்துக்கொண்டான்” என்றார். அந்தச் சொல் அண்ணன் வீட்டை எட்டியது. மூன்று வாரங்களாக இரு வீட்டாருக்கும் இடையே ஸலாம் இல்லை. ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகாது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை நாம் அனைவரும் அறிவோம்.

ஓசூர் சிப்காட்டில் இயந்திரப் பராமரிப்பு என் தொழில். காரணம் தெரியாத பழுதுக்கு எங்களிடம் ஒரே நெறிதான் உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, விளைவைக் குறித்துவை, அதன் பிறகே அடுத்ததைத் தொடு. இரண்டை ஒருசேர மாற்றினால், பழுது நீங்கினாலும் எதனால் நீங்கியது என்பது தெரியாமலே போய்விடும்.

குற்றஞ்சாட்டப்பட்ட பவர் சப்ளையிலிருந்தே தொடங்கினோம். நன்றாக இயங்கும் வேறொன்றை நண்பரிடம் இரவல் வாங்கிப் பொருத்தினோம். அப்போதும் கணினி அணைந்தது. “அப்படியானால் ராம்தான் பழையது” என்றார் மச்சான். சந்தேகத்தின் இயல்பு அதுதான். ஒரு வாசல் அடைபட்டால் மறு வாசலைத் தேடிச் செல்லும். மெம்டெஸ்ட்86 மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டோம். ஒரு பிழையும் இல்லை. செயலியின் வெப்பத்தைக் கண்காணித்தோம். கடும் வேலையின்போதும் அது 70 டிகிரியைத் தாண்டவில்லை.

கணினி திடீரென நின்றுபோனால், விண்டோஸ் தன் நிகழ்வுப் பதிவேட்டில் 41 என்ற எண்ணுடன் ஒரு குறிப்பை எழுதும். முறைப்படி மூடப்படாமல் கணினி மீண்டும் தொடங்கியது என்பதே அதன் பொருள். காரணத்தை அது கூறுவதில்லை. ஆயினும் அதன் விவரப் பகுதியில் பவர் பொத்தான் அழுத்தப்பட்ட நேரத்துக்கு ஓர் இடம் உண்டு. அங்கே பூஜ்யம் இருந்தால் பொத்தான் அழுத்தப்படவில்லை என்று கொள்ளலாம். எங்கள் பதிவில் பூஜ்யம் இல்லை. “மாமு, யாருமே பொத்தானைத் தொடவில்லையே!” என்று வியந்தான் மருமகன்.

பவர் பொத்தானைச் சுமார் 4 விநாடிகள் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கணினிகள் சட்டென அணைந்துவிடும். கேபினெட்டின் பொத்தானிலிருந்து வரும் இரு கம்பிகளைக் கழற்றி மல்டிமீட்டரில் சோதித்தோம். எவரும் தொடாதபோதே அவ்வப்போது இணைப்பு ஏற்பட்டு விலகியது. பரணில் கிடந்த காலத்தில் உட்புகுந்த புழுதியால் பொத்தான் சிக்கிக்கொண்டிருந்தது. ரீசெட் பொத்தானின் கம்பிகளை அந்த இடத்தில் செருகினோம். ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. அன்றிலிருந்து அல்ஹம்துலில்லாஹ், கணினி ஒருமுறைகூடத் தானாக அணையவில்லை.

வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு பாகத்தையும் சந்தேகித்தோருக்கு, வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய ஒன்றைச் சந்தேகிக்கத் தோன்றவேயில்லை.

பெரும் நிறுவனங்களின் உலகிலும் இது நடக்கிறது. இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறைச் செயலிகள் சிலவற்றைக் கொண்ட கணினிகளில், விளையாட்டுகள் இடையிலேயே நின்று, கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்ற செய்தி திரையில் தோன்றியது. பலரும் கிராபிக்ஸ் அட்டையையே குறை கூறினர். குற்றம் செயலியில் இருந்தது. மிகையான மின்னழுத்தத்தால் அது பழுதடைவதை 2024இல் இன்டெல்லே ஏற்றுக்கொண்டு, உத்தரவாதக் காலத்தை 2 ஆண்டுகள் நீட்டித்தது. திரையில் தெரியும் எழுத்துகூடச் சில வேளைகளில் நிரபராதியைச் சுட்டிக்காட்டிவிடுகிறது. அவ்வாறிருக்க, செவிவழிச் செய்தியை நம்பி ஒரு முஃமினின் மானத்தில் நாம் எப்படிக் கைவைக்க முடியும்?

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆவது வசனம் சந்தேகங்களில் பெரும்பாலானவற்றை விட்டும் விலகியிருக்கப் பணிக்கிறது. அவற்றுள் சில பாவமாகிவிடும் என்றும் எச்சரிக்கிறது. பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 36ஆவது வசனமோ அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர்வதைத் தடுத்து, செவியும் பார்வையும் இதயமும் மறுமையில் விசாரிக்கப்படும் என்று நினைவூட்டுகிறது. கேட்டதற்கும் பார்த்ததற்கும் மட்டுமல்ல, உள்ளத்தில் வளர்த்ததற்கும் கணக்கு உண்டு.

இதில் மற்றொரு கடமையும் இருக்கிறது. கணினி சரியானதும் வேலை முடிந்துவிட்டதாக மச்சான் எண்ணவில்லை. பழிச்சொல் எந்த வீட்டை எட்டியதோ, அந்த வீட்டுக்கே ஜும்ஆ தொழுகைக்குப் பின் நேரில் சென்றார். பையன் வாங்கிவந்தவை அனைத்தும் புதியவை என்பதை அண்ணன் முன்னிலையிலேயே எடுத்துரைத்து, அவனிடம் மன்னிப்புக் கேட்டார். பலர் அறியப் பேசிய பழியைத் தனிமையில் வருந்தித் தீர்த்துவிட முடியாது. அது சென்ற இடங்களுக்கெல்லாம் உண்மையும் செல்ல வேண்டும்.

ஐயம் எழும் வேளையில் நிதானமாக விசாரித்துத் தெளியும் பொறுமையையும், முறிந்த உறவுகளைத் தேடிச் சென்று இணைக்கும் மனத்தையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.