வலியின் பெயர்கள்

குத்தல், குடைச்சல், கடுப்பு, காந்தல், உளைச்சல், முறுக்கு என்று வலிக்கு நம் வழக்கில் பெயர்கள் பல. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைக்க இயலாது. வயிறு முறுக்கும்; எலும்பு முறுக்குவதாக எவரும் சொல்வதில்லை. ஆயினும் மருத்துவமனைக் குறிப்பேட்டில் ஏறும்போது இவையனைத்தும் 'பெயின்' என்னும் ஒரே சொல்லாகிவிடுகின்றன. தமிழ் கற்பிப்போராகிய நாம் இதைச் சொல்லிழப்பு என்று வருந்தலாம். புற்றுநோயாளிக்கு இழப்பு அதனினும் பெரிது.

ஆரல்வாய்மொழியில் எங்கள் சித்தி நோயுற்றுக் கிடந்தபோது இதை நாங்கள் அருகிருந்து கண்டோம். மார்பில் தொடங்கிய புற்று முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. மருத்துவமனையில் ஓர் இளம் பயிற்சி மருத்துவர் நாள்தோறும், "வலி இருக்காம்மா?" என்று கேட்பார். "கொஞ்சம் உண்டு மக்களே" என்பார் சித்தி. டாக்டர் முன்னால் முனகுவது மரியாதையன்று என்று எண்ணிய தலைமுறை அது. அந்தக் 'கொஞ்சம்' அப்படியே குறிப்பேட்டில் ஏறும். வீடு திரும்பிய பின், கணவாய்க் காற்று கதவை அறையும் இரவுகளில் அவர் எங்களிடம் சொன்னது வேறு: "முதுகுக்குள்ள குடையுது. தொடையில தீயாட்டு காந்துது."

பிறகு, வலி தணிப்பில் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் வந்தார். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். "எப்படி வலிக்குது?" என்று கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை பேசாதிருந்தார். குடைவது எலும்பு, காந்துவது நசுங்கிய நரம்பு என்று எங்களுக்கு விளக்கினார். நான்கு மணிக்கொருமுறை வாய்வழியாகச் சிறிதளவு மார்ஃபின். நரம்பு வலிக்குத் தனி மருந்து. மார்ஃபின் தரும் மலச்சிக்கலுக்கு முதல்நாளிலிருந்தே மற்றொன்று. வலி வந்தபின் கொடுப்பதன்று, வருமுன் கொடுப்பதே முறை என்றார். மூன்றாம் இரவு சித்தி உறங்கினார். நோய் குணமாகவில்லை, ஐந்து மாதத்தில் இறந்துபோனார். அந்த ஐந்து மாதமும் திண்ணையில் அமர்ந்து பேத்திக்குத் தலை பின்னிவிட்டார்.

இது புதிய அறிவன்று. புற்றுநோய் வலியைப் படிப்படியாகத் தணிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே வெளியிட்டது. மார்ஃபினோ விலை மலிவான மருந்து; அதற்கு மூலமான அபினை நம் நாடே விளைவித்து வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறது. ஆனால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பின், ஒரு மருத்துவமனை அதை வாங்குவதற்குப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. மருந்து அலமாரியிலிருந்து மறைந்தது. அதைக் கையாளக் காணாமலேயே மாணவர்கள் பட்டம் பெற்று, ஆசிரியர்களும் ஆயினர். 2014இல் சட்டம் திருத்தப்பட்டு உரிம நடைமுறை எளிதாகியது. கற்காதவர் கையிலுள்ள அச்சத்தைச் சட்டத்திருத்தம் போக்குமா?

வழி காட்டுவோர் தொலைவில் இல்லை. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி தணிப்பு மையத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர் மயக்கவியல் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால். 2003இல் அவர் நிறுவிய 'பாலியம் இந்தியா' திருவனந்தபுரத்தில் இயங்குகிறது. மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இக்கலையைக் கற்பிக்கிறது. 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. நம் மாவட்டத்து நோயாளிகள் பலர் சிகிச்சைக்காகச் செல்லும் நகரம்தான் அது. வலி தணிப்புக்காகவும் எல்லை தாண்ட வேண்டுமா என்பதே நம் கேள்வி.

2019இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் வலி தணிப்பு இடம்பெற்றிருக்கிறது. நன்று. எனினும் வகுப்பறையில் மருந்தின் அளவைக் கற்கலாம். ஒருவர் சொல்லும் வலியை நம்புவதற்குக் கட்டிலருகேதான் கற்க முடியும். வலியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. நோயாளியின் வாய்ச்சொல்தான் சான்று.

நம் ஆசாரிபள்ளத்தில் 2001 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அங்கே பயிலும் பிள்ளைகளுக்கு ஒரு சிறு பயிற்சியை முன்மொழிகிறோம். ஒவ்வொருவரும் ஒரு புற்றுநோயாளியின் அருகில் அரைமணி நேரம் அமரட்டும். அவர் சொல்வதை ஆங்கிலமாக்காமல், அவர் சொன்ன சொல்லிலேயே குறிப்பேட்டில் எழுதட்டும். மருந்துச்சீட்டு அதற்குப் பிறகு எழுதப்படட்டும்.