உடைந்த கப்பல் யாருக்குச் சொந்தம்?

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகப் போகும் பஸ் குறிகட்டுவானில் நின்றுவிடும். அதற்கு மேல் கடல்தான். அங்கே படகேறினால் இருபது நிமிடத்துக்குள் நயினாதீவு. நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் அந்தப் பயணம் வயிற்றைப் புரட்டிவிடும். கைக்குழந்தையோடு போகும் சகோதரிகள் காலைப் படகைப் பிடிப்பது நல்லது.

இந்தத் தீவுகளின் கப்பல் கதையைத் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஒரு கல். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் இருக்கிறது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) வெட்டுவித்த சாசனம் அது. சிங்கள மன்னனின் ஆணை. ஆனால் எழுதியிருப்பது தமிழில். யாருக்காக எழுதினானோ அவர்களுக்குப் புரியவேண்டுமே!

ஊராத்துறைக்கு வரும் வெளிநாட்டு வணிகருக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது அந்தக் கல். ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை. பிறகு வருகிறது முக்கியமான சட்டம். யானையும் குதிரையும் கொண்டு வரும் கப்பல் உடைந்தால், கால் பங்கு அரசன் பண்டாரத்துக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. தனக்கு வேண்டியதைக் கொண்டு வருகிறவனிடம் மன்னன் கொஞ்சம் தாராளமாகவே இருந்திருக்கிறான்!

பாதியைப் பறிப்பதா நீதி என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அக்காலத்தில் பல கரைகளில் உடைந்த கப்பல் முழுவதும் அந்த ஊர் ஆட்சிக்கே போனது. மலபாரில் உடைந்த கப்பலின் சரக்கு அரசுக்கே சேரும், கள்ளிக்கோட்டையில் மட்டும் உடையவருக்கே கிடைக்கும் என்று 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா எழுதி வைத்தார். 1344இல் அவரே இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளத்தில் சந்தித்தவர்.

சபராளியின் வீட்டில் இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும். கணவனின் முதல், சில சமயம் மனைவியின் நகையும்கூட, ஒரே மரக்கலத்தில் ஏறிப் போயிருக்கும். ஆழமில்லாத, முருகைக்கல் நிறைந்த இந்தக் கடலில் அது தட்டி உடைந்தால், பாதியாவது திரும்பி வரும் என்பது சின்ன விஷயமா?

ஊர்காவற்றுறையின் பழைய பரபரப்பு இன்று இல்லை. ஐரோப்பியர் வாயில் அது ‘கைட்ஸ்’ ஆனது. கப்பல் துறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்த பெயர். வன்னியில் பிடித்த யானைகளை ஒல்லாந்தர் இங்கிருந்துதான் இந்தியாவுக்கு ஏற்றினார்கள். காரைநகருக்கும் இதற்கும் இடையில், நடுக்கடலில் ஹமன்ஹீல் கோட்டை நிற்கிறது. போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். நெடுந்தீவிலோ ஐரோப்பியர் காலக் குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் இன்னும் கட்டாக்காலியாக மேய்கின்றன. குழந்தைகளுக்கு அவற்றைப் பார்ப்பதே போதும்.

இந்தக் கடலில் பெயர் சொன்னதும் எல்லோரும் மௌனமாகிவிடும் ஒரு படகும் உண்டு: குமுதினி. நெடுந்தீவு மக்களின் பயணப் படகு. 1985 மே 15ஆம் தேதி அது குறிகட்டுவானை நோக்கி வந்தபோது நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்கள், குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் கடற்படையினர் என்று தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். சரக்குக்குப் பங்கு பிரித்த கல் இருக்கும் தீவு கூப்பிடு தூரத்தில்தான்.

பிறகு அந்தப் படகைப் பழுது பார்த்து மீண்டும் ஓட்டினார்கள். உறவுகளை அதில் பறிகொடுத்த தீவு மக்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போக அதைவிட்டால் வேறு வழி குறைவு. அதே பலகையில் உட்கார்ந்துதான் போனார்கள்.