தங்கவயலில் சக்கரத்துக்கு ஒரு நிறம்

மோட்டார் வண்டியின் சக்கரத்துக்கு என்ன நிறம் பூசுவது என்பது ஒரு கட்டுரைக்குரிய பொருளா என்று அன்பர்கள் நகைக்கக்கூடும். சென்ற ஆண்டு வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆயினும் எங்கள் வீட்டில் இதைக் குறித்துப் பதினைந்து நாள் வாதம் நடந்தது. அவற்றுள் இரண்டு நாள் என் தந்தையாரும் தம்பியும் முகங்கொடுத்துப் பேசவே இல்லை. அந்த இரண்டு நாளை முன்னிட்டே இதை எழுதத் துணிந்தேன்.

நான் ரயில்வேயில் பயணச்சீட்டு எழுத்தன். தம்பிக்குப் பெங்களூரில் வேலை. தங்கவயலில் பிறந்த நம்மவர் ஆயிரக்கணக்கானோரைப் போல, பொழுது புலருமுன் ரயிலேறி இருட்டிய பின் வீடு திரும்புகிறவன். இருவரும் பணம் சேர்த்துப் பழைய கார் ஒன்றை வாங்கினோம். வெள்ளைக் கார். உடம்பில் பழுதில்லை, சக்கரங்கள்தாம் பார்க்கச் சகிக்கவில்லை. வீல் கப் நான்கில் இரண்டு முந்திய உடைமையாளர் காலத்திலேயே எங்கோ கழன்று போயிருந்தன. உள்ளே இருந்த இரும்பு டிஸ்க்குகளில் துரு ஏறியிருந்தது. அலாய் வீல் வாங்கக் கையில் பொருளில்லை. எனவே துருவைச் சுரண்டி நிறம் பூசுவதென்று முடிவு செய்தோம். என்ன நிறம் என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது.

காருக்குரிய பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். வண்டியின் நிறம் இன்னதென்று அதில் எழுதியிருக்கும். சக்கரத்தின் நிறத்தைக் குறிக்க அதில் இடமே இல்லை. ஆலை கொடுத்த நிறத்தையே வண்டியின் உடம்புக்கு ஏற்றுக்கொள்கிற மனிதன், தன் விருப்பப்படி ஆடிப் பார்க்கச் சக்கரம் ஒன்றுதான் மிச்சம். டயரும் தொடக்கத்தில் கறுப்பன்று. ரப்பரின் இயல்பான நிறம் வெளிர். துத்தநாக ஆக்சைடு கலந்தபோது அது வெள்ளையாகவே இருந்தது. 1910-களில் கரித்தூள் சேர்த்தால் டயர் பன்மடங்கு உழைக்கும் என்று கண்ட பின்னரே உலகத்துச் சக்கரங்களெல்லாம் கறுப்புக் கரை கட்டிக்கொண்டன. ஆகவே நாம் எந்த நிறத்தைத் தேர்ந்தாலும் அது கறுப்பு வளையத்துக்குள்தான் அமர வேண்டும்.

தம்பி கேட்டது பொன்னிறம். ஜப்பானியரின் சுபாரு கார்கள் 1990-களில் மலைப்பாதைப் பந்தயங்களில் நீல உடம்பும் பொன்னிறச் சக்கரமுமாக ஓடி உலகப் புகழ் பெற்றவை. அந்தப் படத்தைக் கைப்பேசியில் எடுத்துவந்து எல்லோரிடமும் காட்டினான். வெள்ளைக் காருக்குப் பொன்னிறச் சக்கரம், வேட்டிக்குச் சரிகைக் கரை போல இருக்கும் என்றான். உவமை நன்றாகத்தான் இருந்தது.

தந்தையார் பாராமலே மறுத்தார். “சக்கரம்னா கறுப்புதான். மத்ததெல்லாம் வேஷம்” என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்தே தீர்ப்பளித்தாள். “காலுக்கு யாராவது பொன் போடுவாங்களா? கொலுசு வெள்ளிதானே? வண்டிக்குச் சக்கரம் கால். வெள்ளி அடிங்க.” நம் குடும்பங்களில் பொன்னைத் திருமகளாகக் கருதுவதால் காலில் அணிவதில்லை, செல்வர் வீட்டுப் பெண்ணும் வெள்ளிக் கொலுசுதான் அணிவாள். அந்த வழக்கத்தை மோட்டார் காருக்கும் நீட்டிய பெண்மணியை நான் அன்றுதான் கண்டேன்.

எனக்கு எந்தப் பக்கமும் சேர மனமில்லை. எங்கள் ரயில்வேயில் சக்கரத்தின் நிறத்தைப் பற்றி எவரும் வாதிடுவதில்லை. பெங்களூரை அடுத்த எலகங்காவில் 1984 முதல் ரயில் சக்கரங்கள் வார்க்கிறார்கள். அங்கிருந்து எவ்வளவு புதிதாக வந்தாலும், சில மாதங்களில் தண்டவாளத்தில் உருளும் பகுதி மட்டும் வெள்ளியாகப் பளபளக்கும்; மற்றது பிரேக் தூசியும் துருவும் கலந்த செம்பழுப்பாகிவிடும்.

நிற்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தையாரை முன்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு, ஊரில் பிறர் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்து வரப் புறப்பட்டேன். தங்கவயலை அறியாத அன்பர்களுக்காக ஒரு வார்த்தை. லண்டன் ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-இல் இங்கே சுரங்கப் பணியைக் கையில் எடுத்தார்கள். வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து நம் முன்னோர் கூலிகளாக வந்து குடியேறினர். 1894-இல் பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, மாரிகுப்பத்துக்கு இருப்புப்பாதை போட்டார்கள். 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் இந்த மண்ணிலிருந்து வெளியேறியது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அப்போது எனக்குப் பத்து வயது.

ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் முதலில் கண்ணில் பட்டது ஒரு சரக்கு லாரி. அதன் சக்கர நடுவில் சிவப்பு, சுற்றிலும் மஞ்சள், ஆணிகளுக்குப் பச்சை. ஓட்டுநர் சக்கரத்தைக் கோலம் போடும் இடமாகவே கொண்டிருந்தார். அடுத்து ஓர் ஆட்டோ, சக்கரத்தில் கிளிப்பச்சை. வாடகைக் கார்கள் பெரும்பாலும் ஆலை கொடுத்த சாம்பல் பிளாஸ்டிக் மூடியோடு திருப்தி அடைந்திருந்தன. இளைஞர்களின் கார்களில் மினுக்கமற்ற கறுப்பு. அண்மையில் அது ஒரு மோகமாகப் பரவியிருக்கிறது. “பாத்தியா, கறுப்புதான்” என்றார் தந்தையார். ஆனால் அந்தக் கறுப்பு ஒன்றுகூடக் கறுப்பாக இல்லை. எல்லாவற்றின் மீதும் வெண்சாம்பல் படிந்திருந்தது.

அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. சாலையின் பக்கத்திலேயே மலை போல் எழுந்து நின்றது. சயனைடு மேடு என்று நாங்கள் சொல்லும் மண்மேடுகள் இவை. பாறையை மாவாக அரைத்துச் சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய எச்சம். 3 கோடி டன்னுக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சினிமாக்காரர்களுக்கு அவை பாலைவனம்; எங்களுக்கு மூக்கிலும் சோற்றிலும் விழும் தூசி. காற்று வீசும் மாதங்களில் ஊரில் உள்ள வண்டிகளெல்லாம் ஒரே நிறமாகிவிடும். மழை பெய்தாலோ சாலையோரச் செம்மண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். இவையன்றி வண்டிக்குள்ளேயே பிறக்கும் தூசி ஒன்றும் உண்டு. பிரேக்கின் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரங்களுக்கே உரியது. ஆகவே தேய்ந்து விழும் கரிய பொடி பின் சக்கரத்தைவிட முன் சக்கரத்தில் மிகுதியாகப் படியும். வெளியிலிருந்து வெள்ளை, கீழிருந்து சிவப்பு, உள்ளிருந்து கறுப்பு. மூன்றையும் ஒருங்கே மறைக்க வல்லது சாம்பல் கலந்த வெள்ளி ஒன்றே என்பது அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு உறுதியாயிற்று. அம்மா கொலுசை வைத்துச் சொன்னதும் அதுவே.

பெமல் நகர்ப் பக்கம் போய்ப் பார்க்கலாமென்று நினைத்தேன். 1964-இல் தோன்றிய அந்நிறுவனத்தின் மண்வாரி எந்திரங்கள் மஞ்சள் நிறத்துக்குப் பேர்போனவை. ஆனால் அவற்றுள் புல்டோசருக்குச் சக்கரமே கிடையாது, சங்கிலித் தடந்தான் என்று தந்தையார் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான். திரும்பும் வழியில் சாம்பியன் ரீப்பில் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, தொலைவில் நின்ற பழைய சுரங்கக் கோபுரத்தைக் காட்டினார். உச்சியில் இரண்டு பெரிய சக்கரங்கள். ஒரு கூண்டு மேலே வரும்போது மற்றொன்று கீழே போகும்; இரண்டு கம்பிவடங்களும் அச்சக்கரங்களின் மேலேறித்தான் இறங்கும். சாம்பியன் ரீப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் ஆழமானது. இருபத்தாறு ஆண்டு அந்தச் சக்கரத்தை நம்பி அவர் இறங்கியிருக்கிறார்.

“முழுக்கக் கிரீஸு கறுப்பு. வடம் ஓடற பள்ளம் மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கும். அத யாரும் பெயிண்ட் அடிக்கல. வேலை அடிச்சது” என்றார்.

இப்போது அது முழுவதும் துரு. சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நான் மஞ்சளா தங்கத்தப் பாத்ததே இல்லடா. கல்லத்தான் பாத்தேன். வெளிய வரப்ப என்னத் தடவிப் பாத்து அனுப்புவாங்க” என்றார். ஒரு டன் பாறையில் சில கிராம் அளவே தங்கம் இருக்கும். வெட்டுகிறவன் கண்ணுக்கு அது தென்படுவது அரிது. பொன்னிறச் சக்கரத்தை அவர் ஏன் மறுத்தார் என்பது எனக்கு விளங்கத் தொடங்கியது. மகள் திருமணத்துக்கு ஏழு சவரன் கடன் வாங்கிச் சேர்த்த மனிதர் அவர்.

வீட்டுக்கு வந்ததும் இதைத் தம்பியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. அவன் வெகுண்டான். “ஆபீசுல என்னத் தினம் கேக்கறாங்கண்ணா, ‘கே.ஜி.எஃப்-ஆ? வீட்ல எத்தனை கிலோ வச்சிருக்கீங்க’ன்னு. அந்தப் படம் வந்ததுலேர்ந்து பேரே மாறிப்போச்சு. இருக்கட்டும், சக்கரத்துலயாவது இருக்கட்டுமேன்னு நினைச்சேன்” என்றான். 2018-இல் வெளிவந்த திரைப்படத்தின் பின் எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டவுடன் எவரும் துப்பாக்கியையும் தங்கக் கட்டியையும் நினைப்பது உண்மை. இவனோ மாதக் கடைசியில் சீசன் டிக்கெட்டுக்கு என்னிடம் கைமாற்று வாங்குகிறவன். அவனுடைய பொன்னிறமும் வேடமன்று என்று எனக்குப் பட்டது. ஆனால் அடுத்த அறையில் தந்தையார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இரண்டு நாள் மௌனம் அங்கே தொடங்கியது.

மூன்றாம் நாள் நான் வண்டியை வண்ணம் பூசுகிறவரிடம் விட்டேன். தொழிலில் தேர்ந்தவர். உப்புத்தாள் போட்டுத் துருவை வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்தார், மண்ணெண்ணெயில் துடைத்தார், முதலில் பிரைமர், அது நன்றாகக் காய்ந்த பின் மெல்லிய பூச்சாக மூன்று முறை. ஒரே முறையில் தடிப்பாக அடித்தால் வழியும், பிறகு உரியும் என்றார். நட்டு உட்காரும் குழியில் பெயிண்ட் படலாகாது, அங்கே தடிப்பாகப் படிந்தால் ஓட ஓட நட்டு தளர்ந்துவிடும் என்று கூறி அவ்விடங்களைக் காகிதத்தால் மறைத்தார். வீட்டிலேயே பூசிக்கொள்ள நினைக்கும் அன்பர்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது. அழகு கெட்டால் மீண்டும் பூசலாம், ஓடும் சக்கரம் கழன்றால் என் செய்வது?

நான்கும் வெள்ளிச் சாம்பல். அம்மாவுக்கு வெற்றி. ஐந்தாவதாக ஸ்டெப்னி இருந்தது. அதை என்ன செய்வதென்று அவர் கேட்டபோது, எனக்குப் பின்னால் தந்தையார் நின்றிருந்தார், நடந்தே வந்திருக்கிறார். “அதுக்கு என் சின்னப் பையன் கேட்ட நிறத்த அடி” என்றார்.

அந்தப் பொன்னிறச் சக்கரம் காரின் பின்பெட்டியில், பாயின் கீழே, இருட்டில் கிடந்தது. தம்பி அவ்வப்போது மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொள்வான்.

சென்ற மாதம் ஓர் உறவினர் வீட்டுக் காதுகுத்துக்குப் பேத்தமங்கலம் போய்த் திரும்புகையில் முன்சக்கரத்தில் முள் ஏறிற்று. தம்பிதான் ஜாக்கி போட்டு மாற்றினான். மூன்று வெள்ளி, ஒன்று பொன். ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதி வழியே வந்தபோது சிறுவர்கள் கை காட்டிக் கூச்சலிட்டார்கள். வீட்டுக்குப் போக நேர்வழி இருந்தது. தந்தையார் முன்னிருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, “சாம்பியன் ரீப் சுத்திக்கினு போடா. மெதுவாப் போ” என்றார்.