வெளிச்சத்தில் வந்த கிழவி

சென்ற மாதம் பெரம்பலூரில் நண்பர் ஒருவர் வீட்டில் ஓர் இரவு தங்க நேர்ந்தது. அவருக்குப் பழைய சினிமா என்றால் பைத்தியம். சாப்பாடு ஆனதும் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, 1957-இல் வெளியான 'இ வம்பீரி' என்ற இத்தாலியப் பேய்ப்படத்தைப் போட்டார். பாழடைந்த கோட்டை, ஒரு சீமாட்டி, இளம்பெண்களின் இரத்தத்தைக் கொண்டு அவள் காப்பாற்றி வரும் இளமை. கதை இவ்வளவுதான். நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். திடீரென்று அந்த அழகியின் முகம், வெட்டோ ஒட்டோ இல்லாமல், கண்ணெதிரே கிழவி முகமாயிற்று. தூக்கம் போய்விட்டது.

"இதை எப்படி ஐயா எடுத்தார்கள்?" என்றேன்.

படம் சொற்பக் காசில் எடுத்தது. பன்னிரண்டு நாளில் முடிப்பதாக ஏற்றுக்கொண்ட டைரக்டர் ரிக்கார்தோ ஃப்ரேதா, பத்தாம் நாள் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிவிட்டார் என்பார்கள். மிச்சத்தை இரண்டே நாளில் முடித்தவர் காமிராக்காரர் மாரியோ பாவா. அவரிடம் காசு இல்லை, விளக்கு இருந்தது. நடிகை ஜான்னா மரியா கனாலேயின் முகத்தில் சிவப்புச் சாயத்தால் சுருக்கங்களை வரைந்துவிட்டார். கறுப்பு வெள்ளைப் படத்தில், சிவப்பு வெளிச்சம் விழும்வரை அந்தக் கோடுகள் தெரியமாட்டா. வெளிச்சத்தைப் பச்சைக்கு மாற்றினால் கறுகறுவென்று எழும்பி வரும். ஹாலிவுட்டில் 1931-லேயே செய்த வித்தைதானாம். முதுமை புதிதாக வரவில்லை; முதலிலிருந்தே அங்கே இருந்தது.

எனக்கு நம்முடைய வின்சென்ட் ஞாபகம் வந்தார். ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) படத்துக்குக் காமிரா பிடித்தவர். மறு வருஷமே பஷீரின் கதையை வைத்து மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' என்ற பேய்ப்படத்தை அவரே டைரக்ட் செய்தார். பேயைப் பெற்று வளர்ப்பவர்கள் காமிராக்காரர்கள்தாம் போலும்!

'நெஞ்சம் மறப்பதில்லை'யை நான் பார்த்தது அரியலூர்ப் பக்கத்து டூரிங் கொட்டகை ஒன்றில். அப்போது எனக்கு ஒன்பது வயது. நூறு வயது தாண்டிய ஜமீன்தாராக நம்பியார் வந்ததும் நான் பாட்டியின் முந்தானைக்குள் புகுந்துகொண்டேன். பாட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். "அட போடா, நம்பியாருக்கு மாவைப் பூசி உட்டிருக்கானுவ!"

பேய் பிசாசு எதற்கும் பயப்படாதவள் அவள். ரயிலில் மட்டும் ஏறமாட்டாள். திருச்சிக்குப் போவதென்றால் பஸ்தான். கிழவியின் பிடிவாதம் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

பெரம்பலூர்ப் பக்கமிருந்து ஓடி வரும் மருதையாற்றின் மேல், அரியலூருக்கு அப்பால் ஒரு ரயில் பாலம் உண்டு. 1956 நவம்பர் 23 விடியற்காலையில், வெள்ளத்தால் அந்தப் பாலம் சேதமாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி அதற்காகப் பதவியை விட்டதை எல்லோரும் படித்திருப்பீர்கள். பையன்களான எங்களுக்கு அது பேய்க்கதைச் சுரங்கம். பத்தொன்பதாவது வயதில், இரவில் அந்தப் பாலத்தடியிலிருந்து எழுந்து வந்து டிக்கெட்டைக் காட்டும் பிரயாணிகளைப் பற்றி ஒரு கதை எழுதினேன். பத்திரிகையில் அச்சாயிற்று. பெருமையோடு பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். நம்பியாரைப் பார்த்துச் சிரித்த மாதிரி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் சிரிக்கவில்லை. நான் தலை நிமிர்ந்தபோது, அதுவரை நான் பார்த்தே இராத ஒரு கிழவி எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"என் தம்பி அந்த வண்டியிலதாண்டா வந்தான்" என்றாள். சற்று நேரம் கழித்து, "அவங்கிட்ட டிக்கெட் இருந்துச்சோ என்னமோ" என்றாள்.

நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்தக் கோடுகள் அவள் முகத்தில் இருந்திருக்கின்றன. நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

நண்பர் இன்னொரு படம் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாமென்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். அந்தக் கதையை இதுவரை எந்தத் தொகுப்பிலும் நான் சேர்க்கவில்லை.