பூவுக்கு நாள் குறித்தோம்

தாண்டிக்குடி வீட்டுத் திண்ணையில் அப்போது குண்டு பல்பு. மழை விட்ட இரவுகளில் காப்பித் தோட்டத்து இருட்டிலிருந்து அந்த அந்துப்பூச்சி வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். ‘அட்லஸ்’ என்ற பெயரெல்லாம் தெரியாத வயது. விரித்தால் ஒரு சாண் சிறகு. செங்கல்பொடி நிறம், நடுவில் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் முக்கோணத் திட்டுகள், மேல்முனைகளில் இரண்டு பாம்புத்தலை. “லைட்டை அமத்துங்கடா, அது போகட்டும்” என்பாள் அப்பத்தா.

வளர்ந்த பூச்சிக்குத் தின்ன வாயே இல்லை என்பதைப் பின்னால்தான் படித்தேன். புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததை வைத்தே ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு. பெண் இருந்த இடத்திலிருந்தே வாசம் விடும். ஆண் இறகு மாதிரியான உணர்கொம்புகளால் அதைப் பிடித்துக்கொண்டு தேடி வரும். முட்டையிட்டதும் கதை முடிந்தது.

குறிஞ்சியும் இந்தச் சாதிதான், நிதானம் மட்டும் அதிகம். 12 வருஷம் வெறும் புதராக நின்று, ஒரே ஒரு தடவை பூத்து, விதை விட்டுச் செத்துப்போகும். 1982-ல் அப்பா கோடைக்கானலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். கையில் ஒற்றைப் பூவை வாங்கிப் பார்த்தபோது ஏமாற்றம்தான்: விரல்கணு நீளத்தில் வெளிறிய ஊதா மணி, அவ்வளவே. நிமிர்ந்தால் சரிவு முழுக்க நீலம், காது கொள்ளாத தேனீ இரைச்சல்.

பூவுக்குக் கிடைத்த மரியாதை பூச்சிக்கு வாய்க்கவில்லை. பளியர்கள் குறிஞ்சி பூப்பதை வைத்து வயசைக் கணக்கிட்டார்கள். முருகன் குறிஞ்சி ஆண்டவராகக் கோயில்கொண்டிருக்கிறான். 2006-ல் தபால்தலைகூட வந்தது. அதனால் அழிவுக்கும் கணக்கு உண்டு. 1994-ல் பூத்த சரிவில் 2006-ல் சீகை மரம், 2018-ல் லாட்ஜ் என்று ஆண்டு போட்டுச் சண்டைக்குப் போகலாம். 2030-க்கு லீவு போடுவதைப் பற்றி இப்போதே பேச்சு.

பூச்சிக்கு ஆண்டும் இல்லை, சாட்சியும் இல்லை. திண்ணையில் இப்போது விடிய விடிய வெள்ளை எல்இடி எரிகிறது. கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டால், “போன ஐப்பசிகூட ஒண்ணு வந்துச்சே” என்கிறார் சித்தப்பா. “அது அத்தை இருந்தப்ப வந்ததுங்க” என்கிறாள் சித்தி.